படகில் சும்மா நின்றவர்

நீந்தவே ஒழுங்காகத் தெரியாத ஒரு மனிதர் கப்பற்காரரா இல்லையா என்று தீர்மானிப்பதற்காக லண்டனில் ஒரு நீதிமன்ற அறையை ஒரு பகல் முழுக்க ஒதுக்கினார்கள். அந்த மனிதர் என் கணவர். தொழில் வயரிங். பிரான்சிலிருந்து எங்களை ஏற்றி வந்த பெரிய கப்பல் ஒன்றைத் தவிர அவருக்குக் கடலோடு ஒரு சம்பந்தமும் இல்லை, அந்தக் கப்பலிலும் முக்கால்வாசி நேரம் கழிப்பறைக்குள் நின்று சத்தி எடுத்தவர். இந்தக் கதையை யாரிடமாவது சொல்லத் தொடங்கினால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

லண்டனுக்கு வருமுன் நாங்கள் பாரிஸுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருந்தோம். அங்கே நெருப்பு அணைக்க ஓடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது தொழில் இல்லை. பேக்கரியில் பாண் போடுகிறவர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், மருந்துக்கடைப் பெண், இப்படி ஊர்ச் சனம்தான் மணி அடித்ததும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடும். விசா கிடைத்துக் கொஞ்சக் காலத்தில் இவரும் போய்ச் சேர்ந்தார். அதுவரை அந்த ஊரில் இவரைப் பார்த்துத் தலையசைத்தவர்கூட இல்லை. சேர்ந்த பிறகு சந்தையில் நின்று கைகொடுத்துப் பேசினார்கள். அந்த உடுப்பை இவர் தானே தோய்த்துத் தானே அயன் பண்ணுவார், என்னைத் தொடவிட மாட்டார். தன்னை ஒரு ஆளாக மதிக்கிற இடம் ஒன்று மனிதருக்கு வேண்டித்தான் இருக்கிறது, அது எனக்கு விளங்காமல் இல்லை.

பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கவேண்டும் என்று லண்டன் வந்தோம். இவருடைய அக்கா லண்டனிலேயே சட்டன் பக்கம் இருந்தார், அதுவும் ஒரு காரணம். லூயிஷாமில் வீடு எடுத்தோம். வயரிங் வேலை குறைவில்லாமல் கிடைத்தது. ஆனால் இந்தப் பட்டணத்தில் நெருப்பு அணைப்பது சம்பளக்காரரின் வேலை, ஆசைப்பட்டவர் எல்லாம் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தபோது மனிதர் வாடிப்போனார். பிறகு சில வருஷம் அந்தப் பேச்சே இல்லை. நானும் விட்டது சனி என்று இருந்தேன்.

ஒருநாள் தேம்ஸ் கரையில் ஒரு வீட்டுப்படகில் மின்சாரம் திருத்தப் போனார். எங்கள் பக்கத்து ஓடை ஆற்றில் வந்து விழுகிற இடத்தில் பழைய படகுகளைக் கட்டிவைத்துக் குடும்பமாகக் குடியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் மரப் படகுகள், உள்ளே காஸ் சிலிண்டரும் விறகு அடுப்பும். தீப்பிடித்தால் வண்டி கரைவரைக்கும்தான் வரும், சேற்றைத் தாண்டிக் கிட்டப் போகாது. அதனால் அந்தச் சனமே சேர்ந்து ஒரு சின்னப் படகில் பம்ப் ஒன்றைப் பூட்டி, பெரிய தீயணைப்புப் படகு வந்து சேரும்வரை சமாளிக்க ஒரு தொண்டர் குழு வைத்திருந்தது. அந்தச் சின்னப் படகை ஓட்டுகிறவர் அறுபது தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. முன்பு ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர். எல்லாரும் அவரைக் கப்டன் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இவர் வயரை இழுத்துக்கொண்டே தன்னுடைய பிரான்ஸ் கதையை அவிழ்த்துவிட்டிருக்கிறார். கப்டன் அப்போதே கேட்டாராம், எங்களோடு வருகிறீர்களா என்று.

“கண்டறியாத வேலை,” என்றேன் நான். “ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில இருக்க ஏலாதோ உங்களுக்கு?”

“எப்பவாவது ஒருக்காத்தான். நான் தண்ணிக் குழாயைப் பிடிக்கிறது மட்டும்தான். நீர் சும்மா பயப்பிடாதையும்.”

அன்றிரவு பழைய பெட்டியைத் திறந்து அந்தப் பிரெஞ்சு உடுப்பை எடுத்துப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் பூட்டவில்லை. பூட்டாவிட்டாலும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்குமேல் நான் தடுக்கவில்லை.

அந்தச் சம்பவம் நடந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம்தான். பயிற்சிக்கென்று போனவர்கள் கரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்க, நாலு படகு தள்ளி ஒரு கூரையிலிருந்து புகை வந்திருக்கிறது. உள்ளே ஒரு வயோதிபர் தனியாக இருந்தார். கப்டன் படகை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் அணைத்தார். குழாயை வேறொருவர் எடுத்துக்கொண்டார். முன்பக்கம் நின்ற இவரிடம் கப்டன் கயிற்றைக் காட்டி, அதை இரும்புக் கட்டையில் சுற்றிப் பிடி என்று கத்தினார். இவர் சுற்றிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து நடு ஆற்றில் ஒரு பெரிய பயணிகள் படகு போயிருக்கிறது. அதன் அலை வந்து இவர்களின் படகைத் தூக்கி இழுக்க, கயிறு இறுகி இவருடைய வலது கையையும் கட்டையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டது. கையை உருவ வேண்டுமென்றால் கயிற்றை விடவேண்டும். விட்டால் படகு போய்விடும், அந்த வயோதிபர் அப்போதுதான் ஒரு காலை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அவர் முழுசாக இங்கால் வந்து விழும்வரை இவர் விடவில்லை. இவ்வளவும் எனக்குக் கப்டன் ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னது. இவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

இரண்டு விரல்கள் போயின. மிச்சம் மூன்றும் இருக்கின்றன, மடிய மாட்டா. வயரிங்காரனுக்கு வலது கைதான் எல்லாம். ஒரு ஸ்குரூவைப் பிடித்துத் திருப்ப ஏலாது. கிளிப்பு மாதிரி இரண்டு விரலால் வயரை நெருக்கிப் பார்ப்பார், நழுவிவிடும், எங்களைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்கவே முடிவதில்லை. கைக்கு இன்னும் ஒரு ஒபரேஷன் வேண்டும், பிறகு நீண்டகாலப் பயிற்சி வேண்டும், அதற்குப் பிறகும் பழைய தொழில் இல்லை என்றார்கள். வீட்டில் நான் ஒருத்தி பள்ளிக்கூடக் கன்ரீனில் செய்கிற வேலைதான் மிச்சம். இந்த மனிதரை இனி யார் பொறுப்பெடுப்பது என்பதுதான் எங்கள் கேள்வி. வேறு ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை.

பொறுப்பெடுக்க இரண்டு இன்சூரன்ஸ் காப்புறுதிகள் இருந்தன. ஒன்று தொண்டர் குழுவுக்கு. நெருப்பு அணைக்கப் போய்க் காயப்பட்டால் அது பார்க்கும், ஆனால் மிதக்கிற படகில் வைத்துக் காயப்பட்டால் பார்க்காது, அதற்குப் படகின் காப்புறுதி இருக்கிறதே என்றார்கள். மற்றது படகுக்கு. அது படகில் வேலை செய்கிற கப்பற்காரருக்கு மட்டும், உங்கள் புருஷன் நெருப்பு அணைக்கிறவர்தானே என்றார்கள். அதாவது தரையில் நின்று நெருப்பை அணைத்திருந்தால் இவருக்கு ஒரு பெயர் உண்டு. தண்ணீரில் நின்று படகைக் கட்டினால் இன்னொரு பெயர் உண்டு. தண்ணீரில் நின்று நெருப்பு அணைக்கப் போன மனிதருக்கு மட்டும் இந்த நாட்டில் பெயர் இல்லை. இதைக் கேட்டபோதுதான் நான் சிரித்தது. பிறகு குசினிக்குள் போய் அழுதேன்.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமையே, வழக்குப் பேச லோயரை நாங்கள் தேடுமுன்பே, படகின் காப்புறுதிக்காரர் விசாரிக்க ஒரு பொடியனை அனுப்பினார்கள். நல்ல மரியாதை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தான். இவர் கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது. அந்த நேரம் படகில் நீங்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவன் கேட்டான்.

“நோ வேர்க்,” என்றார் இவர். “நோ வேர்க். ஒன்லி ஸ்டாண்டிங்.”

ஏதாவது கடமை தரப்பட்டிருந்ததா, யாராவது ஏதாவது செய்யச் சொன்னார்களா என்று அவன் திரும்பக் கேட்டான். நோ, நோ என்று இவர் தலையை ஆட்டியிருக்கவேண்டும், பேனை கீறுகிற சத்தம்தான் கேட்டது. நான் தட்டோடு வந்து சேர்ந்தபோது இவர் இடது கையால் கையெழுத்து வைத்து முடிந்திருந்தது. அந்தப் பொடியன் தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்து, இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

கதவு சாத்தினதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. “என்னப்பா சொன்னனீங்கள் அவனுக்கு? கயிறு பிடிச்சது ஆர்? நானோ?”

“வேற என்னெண்டு சொல்லுறது? வேலை செய்தனான் எண்டோ? பிறகு பேப்பர் கேப்பான்.”

“என்ன பேப்பர்? உங்களிட்ட இல்லாத பேப்பர் என்ன இருக்கு? பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கு, இஞ்ச இருக்கிற விசா இருக்கு.”

“உமக்குத் தெரியாது,” என்றார் மெதுவாக. “கேக்கிறவன் முதல் வடிவாத்தான் கேப்பான்.”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் போய்ச் சேருமுன், பாரிஸுக்கு வந்த புதிதில் இவர் விசா இல்லாமல் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவிய காலத்தில் பழகிய குரல் அது. அப்போது ஒரே அறையில் படுத்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே பாடம்தான். யார் கேட்டாலும் நீ வேலை செய்யவில்லை. சிநேகிதனைப் பார்க்க வந்தாய், சாப்பிட வந்தாய், சும்மா நிற்கிறாய். ஒருநாள் உண்மையாகவே சோதிக்க வந்துவிட்டார்களாம். இவர் ஏப்ரனைக் கழற்றிக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டு முன்பக்கம் போய் ஒரு மேசையில் குந்தி, ஈரக் கையால் மெனுவைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீ யார் என்று கேட்டதற்குச் சாப்பிட வந்தேன் என்றார். தப்பினார். அந்தக் கதையை எத்தனை பிறந்தநாள் விழாவில் சொல்லியிருப்பார், நாங்களும் வயிறு குலுங்கச் சிரித்திருப்போம். நல்ல கதைதான் அப்போது.

லோயரை வால்தம்ஸ்டோவில் பிடித்தோம். எங்கள் ஆள், விசாவும் வீடு வாங்கல் விற்றலும் செய்கிறவர். கப்பல் சட்டம் தனக்கு ஓடாது என்று நேரே சொல்லிவிட்டு, அது தெரிந்த ஒரு பெரிய சட்டத்தரணியிடம் கேட்டு வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் உற்சாகமாகத்தான் தொடங்கினார்.

“அண்ணை, சம்பளம் வாங்காதது பெரிய தடை இல்லையாம். படகில ஏதோ ஒரு வேலைக்கு உங்களை எடுத்து, கப்டன் சொல்ல நீங்கள் செய்திருந்தால், நீங்கள் சீமன்தான், கப்பற்காரன்தான் எண்டு வாதாடலாமாம். குழாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருந்தால் கொஞ்சம் கஷ்டம். நீங்கள் பிடிச்சது கயிறு. படகு கட்டுற கயிறு. இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது எண்டு சொல்லுறார்.”

“அவர் அந்தப் பொடியனிட்டை வேற மாதிரியெல்லோ சொல்லிப்போட்டார்,” என்றேன் நான்.

“தெரியும் அக்கா. அது ஒண்டுமில்லை. நோவில, மருந்து மயக்கத்தில சொன்னது எண்டு புதுசா ஒரு ஸ்டேட்மென்ட் குடுப்பம். நடந்ததை நடந்தபடி எழுதுவம். எல்லாரும் செய்யிறதுதான்.”

இவர் அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, “அது ஏலாது,” என்றார்.

“ஏன் அண்ணை?”

“முதல் சொன்னதை மாத்த ஏலாது, தம்பி.”

லோயர் என்னைப் பார்த்தார். அவர் இங்கே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு இது விளங்காது. எனக்கு விளங்கியது. பிரான்சில் இவருடைய முதல் அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இலங்கையில் இராணுவம் பிடித்தது எந்த மாதம் என்று முதல் விசாரணையில் ஒன்றைச் சொல்லி, இரண்டாவது விசாரணையில் அடுத்த மாதத்தைச் சொல்லிவிட்டார். அடித்தது உண்மை, முதுகில் தழும்பு இருந்தது. ஆனால் ஒரு மாதம் பிசகிவிட்டது, ஆகவே ஆள் பொய்யன். திருப்பி அனுப்புகிற கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒளித்து ஒளித்து வாழ்ந்த காலம் முழுக்க நான் கொழும்பில் ஒரு வாடகை அறையில், கல்யாணம் பேசி மோதிரம் போட்ட பெண்ணாகக் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதல் நரைமயிர் அங்கேதான் வந்தது. சரியோ பிழையோ முதல் சொன்னதையே சாகும்வரை சொல்லவேண்டும் என்று இவர் அப்போது படித்துக்கொண்டார்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? வரும் வழியில் ரயிலிலேயே தொடங்கினேன். “இது விசாக் கேஸ் இல்லையப்பா. உங்கட கை. உங்கட கைக்கு நடந்ததைச் சொல்லுறதுக்கு என்ன பயம்?”

“பயம் இல்லை.”

“பிறகென்ன?”

“மாத்தினால் பொய்யன் எண்டுவாங்கள்.”

“இப்ப சொல்லி வைச்சிருக்கிறதுதானே பொய்?”

“அது முதல் சொன்னது,” என்றார். அதற்குமேல் சுவரோடு கதைத்த கணக்குத்தான். புது ஸ்டேட்மென்டில் கையெழுத்து வைக்கவே இல்லை. லோயர் இரண்டு மூன்று தரம் போன் எடுத்து, கடைசியில், பரவாயில்லை அக்கா, கப்டனின் சாட்சி பலமாக இருக்கிறது, நடந்ததை அண்ணை கோட்டில் நீதிபதியிடம் சொன்னால் சமாளிக்கலாம் என்று என்னைத் தேற்றினார்.

இதற்கிடையில் சட்டனிலிருந்து இவருடைய அக்கா வந்தார். தம்பிக்கு மீன்குழம்பும் புட்டும் கட்டிக்கொண்டு வந்தவர், சாப்பாடு முடிந்ததும் என்னைத் தனியாகக் குசினிக்குள் இழுத்துவைத்துக் கேட்ட கேள்வி இதுதான்.

“கோட்டில இவனைக் கப்பற்காரன் எண்டு சொல்லப்போறியளாம், மெய்யே? எங்கட ஆக்கள் ஒருத்தரும் கடலால பிழைச்சவையில்லை. பிள்ளையளுக்கு நாளைக்குக் கல்யாணம் பேச வேணும்.”

“மச்சாள்,” என்றேன், “கை போன மனுசனுக்கு ஒரு பெயரைத் தாங்கோ எண்டு நாங்கள் கெஞ்சிக்கொண்டு திரியிறம். அவங்கள் தோட்டி எண்டு எழுதினாலும் நான் வாங்குவன். நீங்கள் புட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ.”

வெளிக்கிட்டுத்தான் போனார். பிறகு கனகாலம் பேச்சில்லை. எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

கப்டன் வேறு மாதிரி. மழையில் நனைந்துகொண்டு வந்தார், ஒரு பை தோடம்பழம் கொண்டுவந்தார். சப்பாத்தைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, பிறகு பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்க் கழற்றினார். இவருக்கு எதிரே கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். தான் உத்தரவு போட்டதாகச் சாட்சி சொன்னால் தன் தலையில்தான் வந்து விழும் என்று காப்புறுதிக்காரர் சொல்லியிருக்கிறார்களாம். பழக்கமில்லாத ஆளை, கையுறை இல்லாமல், முன்பக்கத்துக் கயிற்றுக்கு ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். இனி இந்தப் படகை யாரும் காப்புறுதி செய்ய மாட்டார்கள், குழுவையும் மூடவேண்டி வரும். மூடட்டும் என்றார். நான் சொல்லித்தான் அவர் பிடித்தார், அதை நான் சொல்வேன் என்றார். இவர் சிரித்துக்கொண்டு, “யூ வெரி குட் கப்டன்,” என்றார். நான் வாசல்வரை போய் அந்த மனுஷியைக் கட்டிப்பிடித்தேன். அந்நியரைக் கட்டிப்பிடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கோட்டுக்குப் போகிற நாள் காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிட்டேன். “நடந்ததைச் சொல்லுங்கோ. கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். எனக்காக இல்லாட்டியும் அந்த மனுசிக்காக,” என்றேன்.

“பாப்பம்,” என்றார்.

எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் அது அநேகமாக இல்லை என்பதுதான். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? தெரியும். அன்றைக்கு மட்டும் ஓம் என்று எடுத்துக்கொண்டேன், அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

கோட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கம்பளம் விரித்த ஒரு அறை, ஆஸ்பத்திரி காத்திருப்பறை மாதிரிக் கதிரைகள். நீதிபதி ஒரு பெண். தடிமன் பிடித்து, இடைக்கிடை மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துப் பெரிய சட்டத்தரணி கேட்டுக்கொண்டதால் கப்டனை முதலில் கூப்பிட்டார்கள். கப்டன் நேராக நின்று சொன்னார். நான் கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன். அவர் பிடித்தார். விட்டிருந்தால் அந்த வயோதிபர் இரண்டு படகுக்கும் நடுவில் விழுந்திருப்பார். கை இறுகியது தெரிந்தும் அவர் விடவில்லை, என்னோடு எத்தனையோ பேர் ஆற்றில் வேலை செய்திருக்கிறார்கள், எல்லாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். கையுறை கொடுக்காதது என் பிழை. கடைசியாக, அவர் என்னுடைய ஆள், என் படகின் ஆள் என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இவருடைய முறை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு இந்தியத் தமிழ்ப் பிள்ளை. அவள் இவர் சொல்வதை ஒன்றும் விடாமல் அப்படியே சொன்னாள், அவளில் ஒரு பிழையும் இல்லை. மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி எழும்பி, கோபமே இல்லாமல், வீட்டுக்கு வந்தவரிடம் சொன்னதை வாசித்துக் காட்டினார். வேலை எதுவும் செய்யவில்லை, யாரும் எதுவும் செய்யச் சொல்லவில்லை, சும்மா நின்றேன். இது சரியா என்று கேட்டார்.

எங்கள் லோயர் பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லுங்கோ என்று நான் வாயசைத்தேன். சத்தியமாக அசைத்தேன். இவர் திரும்பவும் முன்னே பார்த்தார்.

“ஓம், சரி,” என்றார். “நான் சும்மாதான் நிண்டனான். கயிறு தானா வந்து கையில சுத்தினது.”

கப்டன் உங்களுக்கு உத்தரவு போட்டதாக இப்போது சொன்னாரே என்று அந்தச் சட்டத்தரணி கேட்டார்.

“அவ நல்ல மனுசி. எனக்கு உதவி செய்ய வேணும் எண்டு அப்பிடிச் சொல்லுறா.”

அது இங்கிலிஷில் வந்து விழுந்தபோது நான் கப்டனைத்தான் பார்த்தேன். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தார். நீதிபதி மூக்கைத் துடைத்துவிட்டுத் தானே ஒரு கேள்வி கேட்டார், மிருதுவாகத்தான் கேட்டார். அப்படியென்றால் அன்றைக்கு நீங்கள் எதற்காகப் படகில் ஏறினீர்கள்?

“பாக்கப் போனனான்,” என்றார் இவர்.

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். கப்டன் நேர்மையானவர் என்றுதான் நம்புவதாக நீதிபதி சொன்னார். ஆனால் காயப்பட்டவரே இரண்டு தரமும் ஒரே மாதிரி, தடுமாற்றம் இல்லாமல், தான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லும்போது தன்னால் வேறு முடிவுக்கு வர இயலாது என்றார். ஆகவே இவர் கப்பற்காரர் இல்லை. அந்த நேரத்தில் நெருப்பு அணைத்தவரும் இல்லை. படகில் ஏறிய ஒருவர், அவ்வளவுதான். எங்கள் லோயர் பேப்பர்களை அடுக்கிக்கொண்டே, ஐ ஆம் சொறி அக்கா என்றார்.

வெளியே நடைபாதையில் கப்டன் காத்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன். ஏசவில்லை. இவருடைய வலது கையை எடுத்து, அந்த விரல் இல்லாத இடத்தை ஒருதரம் பார்த்து, மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிப்படியால் இறங்கிப் போனார். அந்தப் படகை விற்றுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். குழுவும் இப்போது இல்லை.

நானும் இவரும் அங்கேயே கிடந்த ஒரு நீள வாங்கில் குந்தியிருந்தோம். ஏச எனக்கு வாயில் எவ்வளவோ இருந்தது. வீட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, அந்த மனுஷியைப் பொய்க்காரியாக்கியதைப் பற்றி. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இவரைத் திரும்பிப் பார்த்தேன். கை போன நாளிலிருந்து நான் காணாத ஒரு நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. டையைத் தளர்த்திவிட்டு மூச்சை இழுத்து விட்டார்.

“முதல் சொன்னதுக்கும் இப்ப சொன்னதுக்கும் ஒரு சொல்லும் பிசகேல்லை, என்ன?”

இவர் என் முழங்காலில் அந்தக் கையை வைத்தார்.

“நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும்,” என்றார். “இனி எங்களை ஒருத்தரும் திருப்பி அனுப்ப ஏலாது.”

ஓம் என்றேன்.